கதவுக்கு மேல் தொங்கும் மட்டை

அனுப்புநர்
டெரிக் வான் ஆல்ஸ்டைன்,
அணித்தலைவர், ஆண்கள் லக்ராஸ் அணி,
ஆஷ்க்ராஃப்ட் பல்கலைக்கழகம்,
நியூயார்க் மாநிலம்.

பெறுநர்
திரு. கிரெய்க் டன்லெவி அவர்கள்,
இயக்குநர், விளையாட்டுத் துறை,
ஆஷ்க்ராஃப்ட் பல்கலைக்கழகம்.

பொருள்: எங்கள் அணியின் உடைமாற்றும் அறையில் உள்ள மர மட்டையை, அதற்கு உரியவரின் அடக்கத்துக்கு முன்பாக அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 10.02.2025.
2. தங்களின் பதில், நாள் 24.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பூர்வகுடி மக்களின் ஊரான அக்வெசாஸ்னேயைச் சேர்ந்த திரு. லூயிஸ் டார்பெல் நேற்று காலமானார். எங்கள் அணியில் இரண்டாம் ஆண்டாக ஆடிவரும் வெஸ்லி பெனடிக்டின் தாயாருக்கு அவர் தாய்மாமன். நாளை மறுநாள் வியாழக்கிழமை காலை அடக்கம். நமது உடைமாற்றும் அறைக் கதவுக்கு மேல் தொங்கும் மட்டை அவருடையது. லக்ராஸ் அவர்கள் முன்னோர் நமக்குத் தந்த ஆட்டம். அவர்களில் அதை ஆடிய மனிதர் மண்ணுக்குள் போகும்போது அவர் மட்டையும் கூடவே போகும். போகிற இடத்திலும் ஆட்டம் உண்டு, போய்ச் சேர்ந்த அன்றே இறங்கி ஆட வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனது முதல் மனுவில் இதை விரிவாக எழுதியிருந்தேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

2. மட்டைக்குக் கீழே உள்ள பித்தளைத் தகட்டில், “1961ஆம் ஆண்டு அக்வெசாஸ்னே அணியை வென்றதன் நினைவாக அவ்வணியினர் அன்புடன் அளித்த பரிசு” என்று பொறித்திருக்கிறது. அடுத்த மாதம் வெளியாகவிருக்கும் நமது அணியின் நூறாண்டு வரலாற்று நூலிலும் அதே வாசகம் படத்துடன் வருகிறது. ஐயா, நாம் வெல்லவில்லை. அவர்கள் பரிசும் அளிக்கவில்லை. இது ஆராய்ந்து கண்டுபிடித்த செய்தியல்ல. ஆண்டுதோறும் முன்னாள் ஆட்டக்காரர்களின் விருந்தில், அந்த 1961ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த திரு. ரஸ்ஸல் ஹைடிக் அவர்கள் எழுந்து நின்று, தம் வாயாலேயே சொல்லிச் சிரிக்க வைக்கும் கதைதான். கடந்த நவம்பரிலும் சொன்னார். தாங்களும் அங்கு இருந்தீர்கள் என்றாலும், கோப்பில் இருக்கட்டும் என்று அவர் பேச்சை அப்படியே தருகிறேன்:

“எப்படித் தோத்தோம் தெரியுமா பசங்களா? பந்து எங்க இருக்குங்கிறதே அவங்க கோல் போட்டப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். ஆனா தோத்தவனுக்கும் சோறு போடுவாங்க, அது அவங்க வழக்கம். சோள சூப்பு, பொரிச்ச ரொட்டி, வயிறு முட்டத் தின்னோம். அப்புறம் வெறுங்கையோட ஊருக்கு வந்தா நல்லாவா இருக்கும்? கோட்டெல்லாம் குவிச்சுப் போட்டிருந்த இடத்துல ஒரு மட்டை கிடந்துச்சு. என்னோடது நல்லா நீளமான கோட்டு.”

3. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மரியாதை குறையாமல் சொல்கிறேன், தாங்களும் கைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வெஸ்லி இருந்தான். அவன் தட்டில் இருந்த இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தான், ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை எந்த ஊரிலும் மெச்சமாட்டார்கள். நாம் அதைத் தகட்டில் பொறித்துக் கதவுக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறோம்.

4. அணியின் மரபைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மட்டைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சீஃப்’, அவர்கள் இனத் தலைவரைக் கேலியாகக் குறிக்கும் சொல். ஆடுகளத்துக்கு இறங்குமுன் ஒவ்வொருவரும் எம்பி அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவோம். புதிதாகப் பொறுப்பேற்கும் அணித்தலைவர் அதற்கு அணியின் கருஞ்சிவப்பு வண்ணத்தை ஒரு பூச்சுப் பூச வேண்டும். இப்படிப் பூசிப் பூசி, அதன் மர வளைவு எது, பந்தைப் பிடிக்க வலைபோல் கோத்த தோல்வார் எது என்றே தெரியாத அளவுக்குத் தடித்துவிட்டது. கடைசியாகப் பூசியவன் நான். ஒரு பூச்சுப் போதாதென்று, பளபளப்பாக இருக்கட்டும் என்று மூன்று பூசினேன். வெஸ்லி அணியில் சேர்ந்த புதிதில் அதைத் தட்டாமல் போனான். எங்கள் கோல்கீப்பர் பிரெண்டன் கேஃபி, “என்னடா, உங்க ஆளுக்கே வணக்கம் வைக்கமாட்டியா?” என்று கேட்டான். “அவர் உயிரோடதான் இருக்கார். வைக்கணும்னா வீட்டுக்குப் போய் வச்சுக்கிறேன்” என்றான் வெஸ்லி. நல்ல நகைச்சுவை என்று நினைத்து நாங்கள் அவன் முதுகில் தட்டினோம்.

5. விருந்து முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில், அந்த மட்டை தன் அம்மாவின் தாய்மாமனுடையது என்று வெஸ்லி சொன்னபோதுதான், அன்று அவன் சொன்னது நகைச்சுவை அல்ல என்று எனக்குப் புரிந்தது. ஜனவரியில் நானும் பிரெண்டனும் வெஸ்லியுடன் அக்வெசாஸ்னேக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று, திரு. டார்பெல்லின் பெயர் அச்சிட்ட எங்கள் அணி ஜெர்சி ஒன்றைக் கொண்டு போனோம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மருத்துவமனையிலிருந்து இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பப்பட்டிருந்த அவர், தலையணையில் சாய்ந்தபடி ஜெர்சியை விரித்துப் பார்த்தார். “அளவு பெருசு. போகட்டும், நான்தான் இளைச்சுட்டேன்” என்றார். எங்களுக்கு அங்கே சோள சூப் கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கட்டிலில் இருந்தபடியே, “நல்லா சாப்பிடுங்க தம்பி. போகும்போது கோட்டை மட்டும் விரிச்சுக் காட்டிட்டுப் போங்க” என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

6. பிறகு மட்டையைப் பற்றி விசாரித்தார். வண்ணம் பூசியதை நானே சொன்னேன்.

“பெயின்ட்டா? எதுக்கு?”

மரபு என்றேன்.

“யாரோட மரபு?” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்: “அது எங்க அப்பா வளைச்சுச் செஞ்ச மட்டை தம்பி. தோல்வாரெல்லாம் விறைச்சுப் போயிருக்கும், பந்து நிக்காது. அங்க போனா எதிர்ப்பக்கம் கோல்ல அவர்தான் நிப்பாரு. அவர் செஞ்சதை அவருக்கே அடையாளம் தெரியாதே.”

இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் மனுவில் அவசரம் காட்டியிருந்தேன். வண்ணத்தைச் சுரண்டி எடுக்கவும், புது வார் கோக்கவும் நாள் வேண்டியிருந்தது.

7. தங்களின் பதிலில், மட்டை பல்கலைக்கழகத்தின் உடைமை என்றும், நூற்றாண்டு விழா முடியும்வரை அதை இடம் மாற்ற இயலாது என்றும், குடும்பத்தினருக்கு அச்சு அசலாக ஒரு மாதிரி செய்து தரப்படும் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். விழா மேடையில் அவர்கள் மட்டையைத் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை வெஸ்லியிடம் காட்ட எனக்கு முகமில்லை. ஆனாலும் காட்டினேன். படித்து முடித்துவிட்டு, “மாதிரிய நீங்களே மாட்டிக்கங்க. வித்தியாசம் உங்களுக்குத் தெரியப் போறதில்லையே” என்றான். ஐயா, அவன் சொன்னதை யோசனையாகவே ஏற்றுக்கொள்ளலாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. அறைச் சாவி அணித்தலைவன் என்ற முறையில் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று செய்தி வந்ததும் பிரெண்டன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். “கேட்டுக்கிட்டு இருந்தா ஆகாது. நானே எடுத்துட்டுப் போறேன், அப்புறம் என்ன செய்யணுமோ செய்யட்டும்” என்றான். வெஸ்லிதான் ஏணியைப் பிடித்துத் தடுத்தான். ஜனவரியிலேயே அவனுடைய பெரியவர் இதற்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தாராம்: “திருட்டுப் பொருளைத் திருடிக்கிட்டு வராதீங்கடா. அங்க போனா, எப்படி வந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க. எடுத்தவங்களே கொண்டாந்து குடுத்தாங்கன்னு நான் சொல்லணும்.” எனவே நாங்கள் எடுக்கவில்லை. எடுத்தது நமது பல்கலைக்கழகம். கொடுக்க வேண்டியதும் அதுவே.

9. அவர் ஒருபோதும் நம்மீது வழக்குப் போடவில்லை. பத்திரிகைக்கும் போகவில்லை. தம் வீட்டுப் பிள்ளையை நம் அணிக்கே ஆட அனுப்பினார். அப்படிப்பட்டவரை, போகிற இடத்தில் கையில் மட்டையில்லாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு, இந்தச் சனிக்கிழமை எந்த முகத்தோடு நாங்கள் அந்தக் கதவுக்குக் கீழே நடந்து ஆடுகளத்துக்கு வருவது? இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் யாருக்கும் கால் எழாது என்பதைத்தான் சொல்கிறேன்.

10. வரலாற்று நூலைத் திருத்துவது, தகட்டைக் கழற்றுவது, திரு. ஹைடிக் அவர்களின் பேச்சை இனி என்ன செய்வது என்பதெல்லாம் பிறகு ஆகட்டும். இந்த ஒன்று மட்டும் நாளைக் காலைக்குள் ஆக வேண்டும். வெஸ்லியின் உறவினர்கள் இருவர் வார் கோக்கத் தயாராக இருக்கிறார்கள். வண்ணத்தைச் சுரண்டும் வேலையில் மேலே உள்ள மூன்று பூச்சுகளை நானே சுரண்டிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள்.

11. எனவே, தாங்கள் நேரில் வந்து, தங்கள் கையால் அந்த மட்டையை இறக்கி, எங்களுடன் அக்வெசாஸ்னேக்கு வந்து அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்குமாறு அணியினர் அனைவரின் சார்பிலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரெண்டன் கொண்டு வந்த ஏணியை நாங்கள் அகற்றவில்லை, கதவோரமாகவே சாத்தி வைத்திருக்கிறோம். அறைச் சாவியை இத்துடன் இணைத்துள்ளேன். சவப்பெட்டியை வியாழக்கிழமை காலைவரை மூடப் போவதில்லை என்றும், அவருடைய இடது கையை மட்டும் மார்பில் மடித்து வைத்துவிட்டு, வலது கையைச் சும்மா விட்டு வைத்திருக்கிறோம் என்றும் வெஸ்லியின் தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நாள்: 04.03.2025
இடம்: ஆஷ்க்ராஃப்ட்

தலை குனிந்து,
(ஒப்பம்)
டெரிக் வான் ஆல்ஸ்டைன்

இணைப்பு: உடைமாற்றும் அறைச் சாவி.