பழுக்காத வேப்பங்காய்

20.5.2007, ஞாயிறு

லாரித் தண்ணீர் ஊற்றி வைக்கும் நிலத்தடித் தொட்டி கசிகிறதென்று கொத்தனார் வந்து தோண்டினார். வாசல் வேம்பின் வேர் சுவரைப் பிளந்து உள்ளே போயிருந்தது. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் இறங்கிய கிணற்றுப் பக்கம் போன வேரெல்லாம் கருகிக் கிடந்தது.

"கெட்ட தண்ணின்னு தெரிஞ்சு இந்தப் பக்கம் திரும்பியிருக்குதுங்க. வேரை மட்டும் வெட்டுனா மறுபடியும் வருமுங்க," என்றார்.

"மரத்துக்கு ஏதுங்க மூளை? நாளைக்கே மரத்தை வெட்டீரலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

மாடென்றால் ஓடிவிடும், காக்கை பறந்துவிடும். நகர முடியாததுதானே நல்லது கெட்டதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்? தெரிந்த மரம் பிழைக்கும், விதை போடும். அந்த விதைக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். யுகயுகமாக இப்படியே போனால் மரம் ஒருநாள் யோசிக்கவும் யோசிக்கும். கிணற்றடி மரங்களுக்குத் தெரியவில்லை, பட்டுப்போயின. தெரிந்ததை நாங்கள் வெட்டப்போகிறோம்.

"பழம் விழுகிற வரைக்குமாச்சும் விடுங்க," என்றேன்.

"அதுவரைக்கும் குடிக்கத் தண்ணிக்கு எங்க போறது?"

சாயங்காலம் அண்ணாந்து பார்த்தேன். மரம் கொள்ளாத காய். ஒன்றுகூடப் பழுக்கவில்லை.