ஆரோக்கியமானவரின் ரத்தம்

தம்பிக்கு,

எட்டு வருடம் கழித்து எழுதுவதால் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. அப்பா இறந்த அன்று சொந்தக்காரர்கள் முன்னால், "அண்ணன் லேப் எலியோடதான் குடும்பம் நடத்துறாரு" என்று நீ சிரித்ததை நான் மறக்கவில்லை.

உடைந்த டிஎன்ஏவைப் புற்றுநோயாளிகளின் செல்கள் எவ்வளவு சரிசெய்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டும். ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுபோல நானும் கையை நீட்டினேன். நோயாளிகளுடையதைவிட என்னுடையது மோசமாக இருந்தது.

"உங்களது ஒண்ணுதான் சார் கிராஃபைக் கெடுக்குது. தூக்கிடலாமா?" என்றார் துறைத்தலைவர்.

"என்னைத் தூக்க இன்னும் நாள் இருக்கு சார்" என்றேன். என் புள்ளி அங்கேயேதான் இருக்கிறது.

உடைசலைச் சரிசெய்யும் மரபணு ஒன்று எனக்குப் பிறவியிலேயே பழுது. அம்மாவை நாற்பத்தைந்து வயதில் கொண்டுபோன புற்றுநோய்க்கும் இதுதான் காரணமாக இருக்கும். உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அடுத்த வாரம் எனக்குச் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை. அதற்காக ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரியில் வந்து நிற்காதே.

இத்துடன் வைத்திருக்கும் மரபணுப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, நாளைக்கே ரத்தம் கொடு. வீம்புக்குக் கொடுக்காமல் இருந்து எனக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்தால், அப்புறம் நான் யாரோடு பேசாமல் இருப்பது?

கோபம் தணியாத,
உன் அண்ணன்