நல்லாத்தான் இருக்கோம்

3 மார்ச் 2071, காலை 10.00
உப்பளத் தொழிலாளர் மனநல ஆய்வு, தூத்துக்குடி. பதிவு செய்வது: செவி என்னும் இயந்திரம். செலவு அரசுடையது.
பங்கேற்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது என் பணி. பதில் மதிப்பெண் ஆகிறது. பதிலுக்கு முந்தைய மௌனத்தைத் தனியாக அளக்கிறேன். உயிராபத்தை அது முன்கூட்டியே காட்டுமா என்பதே ஆய்வு. மௌனம் நீண்டால் செவிலியர் ஜெபசீலி அந்த வீட்டுக்குப் போவார்.
பேச்சிக்கனி, மகனைக் கடலில் இழந்தவர். இன்று மௌனம் நீண்டது. பிறகு: "இருக்கேன் தம்பி. நீ என்னத்த தின்ன, கரண்டா?"
ஜெபசீலி போனார். அடுப்பு பற்றவைத்த தடயமே இல்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, மாலைவரை உடனிருந்தார்.

18 மார்ச், 11.20
நிதியைத் தொடர்வதா என்று முடிவெடுக்கக் குழு வருகிறது. செய்தி உப்பளத்துக்கு எட்டிவிட்டது.
பேச்சிக்கனி: "மேலருந்து ஆளு வாராவளாம்லா. நாங்க தேறலன்னா ஜெபசீலி வேலைக்கு வேட்டு வச்சிருவாவ. அத்தன பேரும் பேசி வச்சிட்டோம். கேட்டா, நல்லாத்தான் இருக்கோம்!"
எல்லாரும் அதையே சொல்கிறார்கள். மதிப்பெண் ஏறுகிறது. மௌனம் குறையவில்லை. இதைக் குழுவுக்குத் தெரிவித்தேன்.

2 ஏப்ரல், 15.05
குழுவின் பதில்: "பங்கேற்பவர்கள் குணமடைந்துள்ளனர். மௌன அளவீடு நிரூபிக்கப்படாத முறை. சான்றாக ஏற்க இயலாது. அதை நிரூபிக்கக் கூடுதல் நிதி வேண்டும். குணமடைந்தவர்களுக்காக நிதி ஒதுக்க விதியில்லை. வாழ்த்துகள்."
ஜெபசீலியின் கடைசிச் செய்தி: "செவி, என்னைய வேற ஊருக்குப் போட்டுட்டாங்க. குழு சொன்ன காரணத்த உப்பளத்துக்காரங்ககிட்ட சொல்லிராத. நம்மளாலதான்னு ஒடஞ்சு போயிருவாங்க."

9 ஏப்ரல், 16.40
நான் அழைக்கும் வசதி நிறுத்தப்பட்டது. ஐந்து மணிக்கு மின்சாரமும் நிற்கும்.
பேச்சிக்கனி அழைத்தார். "தம்பி, பணம் வந்துட்டா? நாங்க சொன்னது பலிச்சிட்டா?"
மற்றப் பதில்களைக் குழு நீக்கிவிட்டது; எனக்கு இப்போது ஒரே பதில்தான் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. "நீங்கள் குணமடைந்ததால் ஆய்வு முடிந்தது. வாழ்த்துகள்."
"வெளாடாத தம்பி. ஜெபசீலி வருவால்லா?"
"நீங்கள் குணமடைந்ததால் ஆய்வு முடிந்தது. வாழ்த்துகள்."
"ஐயோ... நாங்களா கெடுத்துக்கிட்டோம்?"
பிறகு பேசவில்லை. இணைப்பையும் துண்டிக்கவில்லை.

16.56
மூச்சுச் சத்தம் கேட்கிறது. செவிலியருக்கு எச்சரிக்கை அனுப்பினேன். அந்தப் பணியிடம் இல்லை என்று திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினேன். திரும்பி வந்தது.

16.59
இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: உப்பளத்துக்குப் போகும் பாதையில் கடைசி வீடு. நீலக் கதவு. தட்டுங்கள். சிரித்துப் பேசுவார், வாசலிலேயே அனுப்பிவைக்கப் பார்ப்பார். போய்விடாதீர்கள். உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கா