சாக்ஸ் மாட்டிய கை

ஜூலை 14, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. துணி காயவில்லை, மூன்றாவது நாள். தோல்பையில் பூஞ்சை. ஜூ டவுன் தெருமுனையில் கணுக்காலளவு தண்ணீர். தெரபி சென்டருக்குப் பத்து நிமிடம் தாமதம்.

செய்ய வேண்டியவை: குடைக் கம்பி. பல் டாக்டர். வெள்ளிக்குள் மூன்று ரிப்போர்ட்.

இன்று மூன்று அசெஸ்மென்ட். முதல் இரண்டும் வழக்கம்போல. மூன்றாவது தர்ஷினி, ஏழு வயது. பிறவியிலிருந்தே இடது பக்கம் வலு குறைவு. பிப்ரவரியில் நான்தான் பார்த்தேன், இது மறுபரிசோதனை. அம்மா முத்துமாரி, சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறாள். அப்பாவுக்குக் காக்கநாட்டில் கட்டட வேலை, ஞாயிறு மட்டும் வீடு.

பிப்ரவரித் தாளில்: இடது கையால் பெட்டியில் போட்ட கட்டைகள் ஆறு. பாட்டிலைப் பிடிக்க இடது கை தானாக வந்தது.
இன்று: கட்டைகள் இரண்டு. பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையால் திறந்தாள். இடது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போனது போல.

வீட்டில் தினமும் பயிற்சி செய்தீர்களா என்று முத்துமாரியிடம் கேட்டேன். கேட்ட தொனி எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாகக் கைவசம் உள்ள தொனி. மாமனார் இறந்தபோது ஊரில் பதினோரு நாள் விட்டுப்போனது, மற்றபடி ஒருநாளும் தவறவில்லை என்றாள். பிறகு, "நான் ஏதும் தப்பா பண்ணிட்டனா டீச்சரம்மா?"

செய்து காட்டுகிறேன் என்று பையிலிருந்து ஒரு சாக்ஸை எடுத்தாள். நீலம், பள்ளிக்கூட சாக்ஸ், துவைத்து மடித்தது. அதைப் பார்த்ததும் தர்ஷினி, யாரும் சொல்லாமலே, கையை நீட்டினாள்.

இடது கையை.

நான் பாட்டில் மூடியை மூடிக்கொண்டிருந்தேன். மூடிய பிறகும் திருகிக்கொண்டிருந்தேன். தாள் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பிப்ரவரியில் கொடுத்த தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். என் கையெழுத்து: "இடது கையில் சாக்ஸ் மாட்டி, மணிக்கட்டில் தளர்வாகக் கட்டவும். தினமும் ஒரு மணி நேரம்." மேலே பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் "தர்ஷினி", வேறு பேனாவில்.

நான் சொன்னது இது: வளரும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும். இந்த வாரம் சாக்ஸ் வேண்டாம், நிறுத்தி வையுங்கள்.

"சரிங்க டீச்சரம்மா" என்று சாக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு. தலைவலி. மதியம் சாப்பாடு பாதி.

எனக்காகவாவது தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ஒரு கை மட்டும் வலு குறைந்த பிள்ளைக்கு, நல்ல கையைச் சற்று நேரம் உறைக்குள் அடைத்துவைத்தால் மற்ற கை வேலைக்கு வந்தே ஆக வேண்டும். ஊஞ்சல் பயிற்சி, தோலில் தூரிகை தேய்ப்பது, எடை வைத்த அங்கி எதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. இதில் உண்டு. நான் நம்புகிற ஒன்றிலேயே இப்படி.

அந்தத் தாள் இரண்டு வருடம் முன்பு ஆஷிக் என்ற பையனுக்காக எழுதியது. தென்காசிக் குடும்பம். அவனுக்கு வலு குறைந்தது வலது கை. அதனால் கட்ட வேண்டியது இடது. சென்டரில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் என்னிடம் வரும். ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதச் சோம்பல். ஜெராக்ஸ், வெள்ளை மை, புதுப் பெயர்.

தர்ஷினிக்கு வலு குறைந்தது இடது. ஐந்து மாதம், தினம் ஒரு மணி நேரம், வராத கையைக் கட்டிவைத்திருக்கிறாள் அவள் அம்மா, நான் சொல்லி. மீதி நேரமெல்லாம் அந்தக் கை எதற்கும் வரவில்லை. எப்படி வரும்.

மூன்று வாரத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சென்டரின் விதி. நான் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

தமிழ்த் தாள் வாங்கிய மற்றவர்களின் கோப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன்:
ச. – வலது வலு குறைவு. சரி.
பி. – வலது. சரி.
ம. – சாக்ஸ் கொடுக்கவில்லை, வேறு பயிற்சி. சரி.
மூன்று "சரி" எழுதியதும் மனசு லேசானது. லேசானதைக் கவனித்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

காலையில் வெயில், ஒரு மணி நேரம். எல்லோரும் துணியோடு மொட்டை மாடிக்கு ஓட்டம்.

தர்ஷினியின் ரிப்போர்ட்டைத் திறந்தேன். திங்களன்றே பாதி அடித்திருக்கிறேன், முத்துமாரி சாக்ஸை எடுக்கும் முன்பே. அதில் இருக்கிறது: வீட்டில் பயிற்சி ஒழுங்காக நடப்பதாகத் தெரியவில்லை. பிள்ளையின் கை முன்பைவிட மோசமானால் என் விரல்கள் தானாக அடிக்கிற வாக்கியம்.

ரம்யா, என் ஜூனியர், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஏன் இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டாள். "சேச்சி, எல்லாத்திலும் நம்ம இதுதன்னே அல்லே எழுதுன்னது?"

ஆமாம். எல்லாவற்றிலும் இதேதான்.

ஆகஸ்டில் ஆறு வாரத் தீவிரப் பயிற்சி. தினமும் மூன்று மணி நேரம், கட்டணம் இல்லை. நான்கு பிள்ளைகளுக்குத்தான் இடம். வீட்டார் ஒத்துழைப்பார்களா என்பதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த ஒரு வரி போதும், தர்ஷினிக்கு இடம் கிடையாது. வரியை அழித்தால், கை ஏன் மோசமானது என்ற இடம் காலியாக நிற்கும். அங்கே எழுத என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது.

அழித்தேன். திரும்ப அடித்தேன். அழித்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். குடை சென்டரிலேயே.

ஜூலை 17, வியாழன்

மலையாள மாசம் கர்க்கிடகம் பிறந்தது. மருந்துக் கஞ்சிப் பொட்டலம் கடைகளில் குவியல். வீட்டுக்காரர் ஒன்று வாங்கிவந்தார், கசப்பு.

காலையில் டைரக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில். அவர் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிள்ளைக்கு ஆகஸ்டில் இடம் கொடுத்துவிடலாம், ரிப்போர்ட்டில் காரணம் எதுவும் எழுத வேண்டாம், குடும்பத்திடம் பேச வேண்டிய அவசியம் இல்லை என்றார். பிறகு என் மகனுக்கு அட்மிஷன் ஆயிற்றா என்று கேட்டார்.

வெளியே வந்தபோது நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. உண்மையில் சந்தோஷம். ரோட்டோரம் சாயா, ஒரு பழம்பொரி. தர்ஷினிக்கு இடம் கிடைத்துவிட்டது. யாருக்கும் தெரியப் போவதில்லை.

மாலையில் இவரிடம் சொன்னேன். துறைமுக ஆபீஸில் முப்பது வருடம் வேலை. எந்தக் காகிதத்தையும் பதற்றமில்லாமல் பார்க்கிறவர். "அதான் எடம் கெடச்சுடுத்தே. இனிமே என்னத்துக்குப் போய்ச் சொல்லணும்? வெறுதே, வீணா."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் வாயில் கேட்டபோது பிடிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மழை. ரிப்போர்ட் மூன்றும் கொடுத்தாயிற்று. தர்ஷினியுடையதில் காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மதியம் முத்துமாரி வந்திருந்தாள், ஆகஸ்டுக்குப் பெயர் பதிய. நான் உள்ளே, பதிவேட்டு அலமாரிக்குப் பின்னால். வெளியே பெஞ்சில் அவளும் இன்னொரு அம்மாவும். அந்த அம்மா, பிள்ளைக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

"முன்ன விட மோசமாயிட்டுக்கா. என்னாலதான். பதினோரு நாளு விட்டுட்டேன்லா. அதுல போயிருச்சு."

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

ஜூலை 19, சனி

பல் டாக்டரைத் தள்ளிப்போட்டேன்.

பதினோரு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். வீட்டிலிருந்து ஏழு நிமிடம். இத்தனை வருடத்தில் உள்ளே போனதில்லை. தரையில் இருபது பெண்கள், நடுவில் சுக்கு மலை. தூசி. உள்ளே நுழைந்ததும் நான்கு தும்மல். பக்கத்தில் இருந்தவள் முத்துமாரியை இடித்தாள்: "ஏட்டி மாரி, ஒன்ன பள்ளிக்கூடத்துல சேக்க டீச்சரே வந்துட்டாவ." எல்லோரும் சிரித்தார்கள். முத்துமாரியும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். பக்கத்தில் மழைநீர் கொட்டுகிற சத்தம். வழியெல்லாம் தயாரித்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"தப்பு உங்க மேல இல்ல. என் மேல. வேற பிள்ளைக்கு எழுதின பேப்பர உங்களுக்குக் குடுத்துட்டேன். கட்ட வேண்டியது வலது கைய."

அவளுக்கு உடனே புரியவில்லை என்று நினைத்தேன். தன் வலது கையைப் பார்த்தாள், பிறகு இடது கையை. இரண்டு கையிலும் வெள்ளையாகச் சுக்குத்தூள். தட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு போன் போட்டுக் கேட்டேனே."

எனக்கு நினைவில்லை என்றேன்.

"வராத கையப் போயி எதுக்குக் கட்டணும்னு கேட்டேன். பேப்பர்ல உள்ளபடி செய்யுங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டீய."

அவள் கிடங்குப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"மொத மாசம் பூரா அழுதா. மாட்ட விடமாட்டா. ரெண்டு அடி போட்டுத்தான் மாட்டுவேன்." குரல் உயரவில்லை. "இப்ப அழ மாட்டா. அவளே நீட்டிருவா."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அந்தக் கை திரும்ப வருமா என்று மட்டும் கேட்டாள். பிப்ரவரியில் இருந்த அளவுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை என்றேன். உள்ளிருந்து மேஸ்திரிச் சேட்டன் கூப்பிட்டார். போய்விட்டாள். உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் ஏதோ கேட்க, இவள் தலையை மட்டும் ஆட்டுவது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். பழைய அழைப்புகள் இல்லை. ஆனால் நினைவு வந்துவிட்டது. மார்ச், ஒரு சனிக்கிழமை, காய்கறிக் கடை. ஒரு கையில் முருங்கைக்காய். "இடது" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. விழவில்லை என்று இங்கே எழுதலாம். விழுந்தது.

ஜூலை 21, திங்கள்

காற்று. தென்னை மட்டை கார் மேல்.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினேன். காலியாக விட்ட இடத்தில் எழுதினேன்: வீட்டுப் பயிற்சித் தாளில் கை மாற்றிக் குறிப்பிடப்பட்டது. தாளை எழுதியது நான். தாய் சொன்னபடியே தவறாமல் செய்திருக்கிறார். கையெழுத்து. டைரக்டர் படித்தார். தேவையில்லாத வேலை என்றார். கோப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை.

மிச்சமிருந்த தமிழ் ஜெராக்ஸ் ஒன்பது தாள். கிழித்தேன். வெள்ளை மை பாட்டிலும் குப்பையில்.

இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. தீவிரப் பயிற்சி முதல் நாள்.

தர்ஷினியை ரம்யா பார்க்கட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் வீட்டுப் பயிற்சியை முத்துமாரிக்குத் தமிழில் விளக்க வேண்டும். ரம்யாவின் தமிழ் "சாப்பிட்டாச்சா"வோடு சரி. பன்னிரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

புதிதாக எழுதிய தாளை நீட்டினேன். முத்துமாரி வாங்கவில்லை.

"பேப்பர் வேண்டாம் டீச்சரம்மா. நீங்களே மாட்டிக் காட்டுங்க. மொபைல்ல எடுத்துக்கிடுதேன்."

சாக்ஸை எடுத்தேன். தர்ஷினி இடது கையை நீட்டினாள். அதைப் பிடித்து மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு வலது கையைக் கேட்டேன். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். திரும்ப இடது கைதான் வந்தது. மூன்றாவது முறை நானே வலது கையை எடுத்து மாட்டினேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஒங்க மொகம் தெரியணும்."

திரும்பினேன்.

"எந்தக் கைன்னு சொல்லுங்க."

வலது கை என்றேன்.

"சத்தமா சொல்லுங்க."