சஹனில் சுற்றிய கடைசி அத்தியாயம்

2004 ஜூலை 3

செம்பாக்கம் வீட்டுக்கு பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. அடுத்த வாரம் மேற்குத் தாம்பரம் வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். என் நாத்தனார் சாஹிரா அக்கா மேற்பார்வைக்காக கோவிலம்பாக்கத்திலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். வந்ததும் என் புத்தக அலமாரி முன்னால் போய் நின்று, "இத்தினி குப்பையையும் புது வூட்டுக்குத் தூக்கினு போறியா பானு?" என்றார். குப்பையாம். அவங்க வீட்டு ஷோகேஸில் ஒற்றைத் தந்தம் உடைந்த பீங்கான் யானை நிற்கிறது. அது மட்டும் பொருளாம்!

புது வீட்டில் புத்தகத்துக்கு ஒரு ஷெல்ஃப் வேண்டும் என்று அஸ்திவாரம் தோண்டின நாளிலிருந்து இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர் வைத்திருப்பதோ பிளைவுட் கடை. ஊருக்கெல்லாம் பலகை போகிறது. எனக்கு மட்டும் "பார்க்கலாம் பானு".

ஜூலை 5

என்ன வேலை இருந்தாலும் மதியம் லுஹர் தொழுதபின் அரை மணி நேரம் படிப்பது என் வழக்கம். வீடு மாறினாலும் அதை விடப் போவதில்லை. அதற்குத்தான் அந்தக் கட்டு. வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து வைத்தேன். போன வாரம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஒரு அத்தியாயம் படித்துவிட்டு அடுத்த வாரம் வரைக்கும் தவிக்க என்னால் ஆகாது. மொத்தமாக பைண்ட் பண்ணி, புது வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படிக்க வேண்டும். பைண்டரிடம் கொடுக்க மறந்துவிடக் கூடாதே என்று சமையல் மேடை மேல் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜூலை 8

கட்டைக் காணோம். யாரைக் கேட்டாலும் "எந்தக் கட்டு?"

ஜூலை 10

வந்துவிட்டோம். பால் காய்ச்சி, ஃபாத்திஹா ஓதியாயிற்று. என் புத்தகப் பெட்டிகள் மட்டும் கடை குடோனுக்குப் போய்விட்டன. "ஷெல்ஃப் ஆகட்டும், கொண்டு வந்துடலாம்" என்கிறார். ஷெல்ஃப் எப்போது ஆகும்? "புக் எல்லாம் வரட்டும், அளவு பார்த்துப் போட்டுடலாம்."

இன்றைய படிப்பு: கேஸ் அடுப்பின் உத்தரவாத அட்டை. தமிழிலும் படித்தேன், இங்கிலீஷிலும் படித்தேன். இரண்டிலும் முடிவு சப்பென்று இருந்தது.

ஜூலை 12

அட அல்லாவே!

பீங்கான் தட்டுப் பெட்டியைப் பிரித்தேன். சுற்றியிருந்த தாளைக் கசக்கப் போனால் 'அத்தியாயம் 31'. ஓரத்தில் என் கையெழுத்தில் தேதி. அடுத்த தட்டில் 14. கிண்ணத்தில் 40. உடனே சாஹிரா அக்காவுக்கு போன் போட்டேன்.

"நீதானே பழைய பேப்பர் எடுத்துக்கோங்கன்னே? மேடை மேல கீதேன்னு எடுத்து சுத்துனேன். தட்டு ஒண்ணாவது உடைஞ்சுதா, சொல்லு?"

உடையலை. ஒண்ணுகூட உடையலை. அதனால திட்டவும் முடியலை.

ஜூலை 15

கிடைத்த வரிசையில் படிக்கிறேன், வேறு வழி? முதல் நாளே கதாநாயகி சுந்தரவல்லி புருஷனை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். ரசப் பாத்திரத்தைப் பிரித்தால் அவன் பெண் பார்க்க வருகிறான். அடியே, வேண்டாம்டி என்று கத்த வேண்டும் போல இருந்தது. இட்லிப் பானைக்குள் அவர்கள் பையனுக்குக் காதுகுத்து. நடுவில் என் மீன்குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மதியம் சாப்பிட வந்தவர் காலிப் பெட்டிகளைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், என்ன வேகம் பானு!" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் வராத பாராட்டு. கல்லூரிக்குப் போகும் மகள் தபஸ்ஸும்தான் சந்தேகப்படுகிறாள். "வருஷத்துக்கு ஒரு தடவைகூட எடுக்காத ஜாடியை எல்லாம் இப்ப ஏம்மா பிரிக்கிறே?"

ஜூலை 19

எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. எல்லா அத்தியாயமும் இருக்கிறது, கடைசியைத் தவிர. திரும்பி வந்த புருஷன் மழையில் வாசலில் நிற்கிறான். உள்ளே சுந்தரவல்லி தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். திறந்தாளா, இல்லையா?

பெரிய சஹன்! நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் அந்தத் தாம்பாளத்தை, தன் மகன் அக்தரின் வலீமா கல்யாண விருந்துக்கு வேண்டும் என்று சாஹிரா அக்கா வீடு மாறிய அன்றைக்கே எடுத்துப் போனார். கீறல் விழாமல், தாள் சுற்றி.

ஜூலை 20

ஒரு தாளுக்காக அவங்க கிட்ட போய்க் கெஞ்சணுமா நான்? என் படிப்பைக் குப்பைன்னு சொன்னவங்க கிட்ட?

கெஞ்சணும். தூக்கமே வரலை.

ஜூலை 22

விருந்துக்கு அழைக்காமல் நான் அவங்க வீட்டுக்குப் போனது இதுதான் முதல் தடவை. சாக்குக்கு ஒரு தூக்கில் சால்னா எடுத்துக்கொண்டு, மேடவாக்கத்தில் பஸ் மாறிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சாஹிரா அக்கா எழுந்து போய், மெத்தைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தார். ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்டிருக்கிறார்!

நான் கையை நீட்டினேன். அவர் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இரு, இரு. அந்த ஆளு வாசல்ல நின்னுகினு கீறானே, அவன் அதுக்கு முன்ன இன்னா பண்ணான்? அத்த முதல்ல சொல்லு. ஒரு வாரமா மண்டை காயுது எனக்கு."

முதல் அத்தியாயத்திலிருந்து சொன்னேன். டீ ஆறிப் போனது. அவன் நகையைத் திருடிய இடத்தில் "செருப்பால அடிக்கணும் அவன!" என்று தொடையில் தட்டினார். அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போதுதான் கதை முடிந்தது, தாளும் கைக்கு வந்தது.

சுந்தரவல்லி திறக்கவில்லை.

"நானா இருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்" என்றார் அக்கா. நான் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8

பைண்டரிடமிருந்து புத்தகத்தை சாஹிரா அக்காவே வாங்கி வந்தார். நிறைய சாப்பிட்டார். பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அத்தாவுல்லா! இத்த எங்கடா வைக்கிறது?"

"ஷெல்ஃப் போடணும்க்கா... பார்க்கலாம்னு..."

"இன்னாடா பார்க்கலாம்? ஊருக்கெல்லாம் பலகை விக்கிறே, வூட்ல புக்கு வைக்க ஒரு பலகை கெடையாதா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

நான் பாத்திரம் தேய்ப்பதுபோல் சமையலறையிலேயே நின்றேன். வயிறு குளுகுளுவென்று இருந்தது. கூடவே ஆத்திரமும். இதைத்தானே நான் அஸ்திவாரத்திலிருந்து சொல்கிறேன்?

ஆகஸ்ட் 9

காலையில் தச்சர் தனசிங் வந்துவிட்டார், அளவெடுக்க.

ஆகஸ்ட் 17

ஷெல்ஃப் ஆகிவிட்டது. குடோனிலிருந்து பெட்டிகளும் வந்துவிட்டன. மேல் தட்டு தனக்கு என்று அக்கா போனிலேயே சொல்லிவிட்டார். இன்று அக்தர் ஒரு பொட்டலம் கொண்டு வந்தான். புத்தகம் சாயாமல் இருக்க முட்டுக் கொடுக்கவாம். பிரித்தேன். பீங்கான் யானை. சுற்றியிருந்த தாளை முதலில் நீவிப் பார்த்தேன். வெறும் விளம்பரம்தான்.

யானையை மேல் தட்டில் வைத்தேன், உடைந்த தந்தம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி.