போய்ச் சேர ஊரில்லாத கப்பல்

சேரம்பாடி,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மகாலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி வினோத் மூவரும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம், அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, துணி காயவில்லை, கூடலூர் ரோட்டில் மரம் விழுந்து ஒரு நாள் பஸ் இல்லை, பின்னால் இருக்கிற பலாவில் மிச்சமிருந்த பழத்துக்கு யானை வந்து வேலியோடு சேர்த்து வாழையையும் மிதித்துவிட்டுப் போய்விட்டது. உன் அப்பா பாரஸ்ட்காரர்களைத் திட்டுகிறார், பழத்தை முன்னமே வெட்டி இறக்கச் சொன்னது நான், கேட்காதது அவர். எஸ்டேட்டில் இப்போது கொழுந்து எடுப்பது பாதிக்கு மேல் வடநாட்டுப் பிள்ளைகள், அவர்கள் பேசுவது நமக்குப் புரியவில்லை, நாம் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம். அது கிடக்கட்டும். நீ போன வாரம் போனில் ஒன்று கேட்டாய், உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ரேணுகா தன் அம்மா அப்பாவை, நீ எங்களை அனுப்பிய அதே சொகுசுக் கப்பலில் அனுப்பப் போகிறாளாம், நல்லது கெட்டது நாலு வார்த்தை சொல்லும்மா என்று. நான் வாயைத் திறந்ததும் உனக்கு டியூட்டி வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தில் என்னை யாரும் குறுக்கே நிறுத்த முடியாது.

முதலில் ரேணுகாவிடம் சொல், ரூம் எடுத்தால் கடல் தெரிகிற ஜன்னல் வைத்ததாக எடுக்கட்டும். நீ எங்களுக்கு எடுத்தது உள்பக்கத்துக் காம்பரா. அவர்கள் கேபின் என்றார்கள், நான் காம்பரா என்றுதான் சொன்னேன், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு ஒரே அறையில் கட்டிலும் பெட்டியும் மனுஷரும் கிடந்தால் அது காம்பராதான். லயத்துக் காம்பராவிலாவது கதவைத் திறந்தால் மலை தெரியும், இதில் கதவைத் திறந்தால் எதிர்க் காம்பராவின் கதவு. விடிந்ததா இல்லையா என்று லிப்ட் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஜன்னலுக்குக் கட்டுபடியாகாது என்றால் கீழ்த்தட்டில், கப்பலின் நடுவாகக் கேட்டு வாங்கட்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு, முன்னாலும் பின்னாலும் ரூம் கிடைத்தவர்கள் வாந்தி எடுத்தே ஓய்ந்தார்கள். இஞ்சி மொரப்பா கைப்பையில் இருக்கட்டும். மருந்து மாத்திரையும் கைப்பையில்தான், பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அது எப்போது காம்பராவுக்கு வரும் என்பது அவர்களுக்கே வெளிச்சம். உன் அப்பா சுகர் மாத்திரையைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை முழித்தார், முழித்தாரே தவிர பாயசத்தை விடவில்லை. ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும், இந்த மலைக் குளிரில் இருட்டோடு எழுந்து ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து வேலை பார்த்த என்னையே அந்த ஏசி நடுங்க வைத்துவிட்டது. போனை ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அது கப்பலின் டவரைப் பிடித்து பில் ஏறிவிடுமாம். வைபை தனிக் காசு, தண்ணீர் பாட்டில் தனிக் காசு, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது தனிக் காசு. எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட் என்று நீ சொன்னாயே மகா, எல்லாம் என்றால் சோறும் ஆட்டமும் மட்டும்தான் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லையா.

சோற்றைக் குறை சொல்ல மாட்டேன், விதவிதமாக மலை மாதிரி குவித்து வைத்திருந்தான். ஆனால் ஒரு வாய் சாயத் தண்ணிக்கு நான் பட்ட பாட்டைக் கேள். பால் ஊற்றாத தேநீருக்கு நம் வீட்டில் பிளேன்டி என்றுதானே பேச்சு, இலங்கையிலிருந்து வந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த நினைப்பில் பரிமாறுகிறவரிடம் பிளேன்டி என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அது இங்கிலீஷில் நிறைய என்று காதில் விழுந்திருக்கிறது, தட்டு நிறையப் பால் டீயாகக் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனார். உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவருக்கு அந்தக் கப்பலில் எல்லாமே கொண்டாட்டம்தான், நீச்சல் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து வாழ்ந்தால் இப்படி வாழணும் என்கிறார். எனக்கு ஏறும்போதே வயிறு எரிந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் பையைச் சோதித்தவர்கள், நான் இலங்கையில் இருக்கிற அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த நீலகிரித் தைலத்தை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார்கள், எரிகிற சாமானாம். ஊட்டி வர்க்கியையும் எடுத்துவிட்டார்கள், வெளித் தீனி கூடாதாம். தேயிலையா கொண்டு போனேன், தேயிலை நாட்டுக்குத் தேயிலை கொண்டு போனால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும் என்றுதானே, முழங்காலுக்குத் தேய்க்க அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருளாகப் பார்த்து வாங்கினேன். வெறுங்கையோடு அக்காவைப் பார்க்கப் போவதா என்று அந்த இடத்திலேயே நின்றேன். பின்னால் நின்றவர்கள் நகருங்க நகருங்க என்று தள்ளினார்கள், நகர்ந்துவிட்டேன்.

உன் பெரியம்மா கனகமணியை நீ செல்போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய், அதனால் என் கோபம் உனக்குப் பாதிதான் புரியும். நாங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை என்று வந்தது, அவள் புருஷன் வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை என்று வந்தது, அவ்வளவுதான், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவள் அழாமல் நின்றாள், நான்தான் அழுதேன். அப்புறம் ஐம்பது வருஷம். நடுவில் அங்கே யுத்தம், பிறகு காசில்லை, பிறகு உங்கள் படிப்பு, பிறகு அவள் புருஷன் படுக்கையில், ஒன்று மாற்றி ஒன்று. நீ அந்தக் கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் நிற்கும், காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறலாம் என்று சொன்னபோது நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், நிச்சயமாக நிற்குமா என்று. நிற்கும்மா, போட்டிருக்கான் என்றாய். அதை நம்பி நான் அக்காவிடம் சொன்னேன். யாழ்ப்பாணம் எந்தத் திசை என்று தெரியாத மலைக்காட்டு மனுஷி, முழங்கால் வீக்கத்தோடு, மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்திருக்கிறாள். எனக்காகத் தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்று காலை நானும் உன் அப்பாவும் குளித்து, நான் அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் மேல்தட்டில் போய் நின்றோம். கரை நன்றாகத் தெரிந்தது. கப்பல் பெரியது, துறைமுகத்துக்குள் போகாது, வெளியே நின்று சின்னப் படகில்தான் ஆட்களை இறக்குவார்கள் என்று அப்போதுதான் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், காற்று அதிகம், படகு இறக்க முடியாது, இந்தத் துறைமுகம் ரத்து, அதற்குப் பதிலாக நீச்சல் குளத்தடியில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் இலவசம் என்று அறிவித்தார்கள். மகா, நம்பினால் நம்பு, ஜனங்கள் கை தட்டினார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனி கடைசியில் அந்தக் கடலுக்கு டிக்கெட் விற்றவனுக்குத் தெரியாதா. நான் கீழே ஓடி வரவேற்பில் இருந்த பொண்ணிடம், எங்கக்கா கரையில உக்காந்திருக்கா தாயி, என்னைய மட்டும் எப்படியாச்சும் இறக்கி விடு என்று கேட்டேன். வானிலை சரியில்லேன்னா துறைமுகத்தை ரத்து பண்ணலாம்னு நிபந்தனையிலயே இருக்குங்கம்மா, அடுத்த தடவை வாங்க, கண்டிப்பா இறங்கலாம் என்றாள். அடுத்த தடவைன்னு சொல்ற வயசா எங்களுக்கு என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அவளை ஏன் நோக வேண்டும், எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன். ஆனால் எய்தவன் அந்தக் கப்பலில் எந்தத் தட்டில் இருந்தான் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

திரும்ப மேலே வந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன். இசக்கி, வெள்ளையா ஒன்னு தெரியுது, அதுவா உன் கப்பலு, நீ எங்கன நிக்கிற என்றாள். நான் உன் அப்பாவின் துண்டைப் பிடுங்கி ஆட்டினேன். என்னமோ நெறைய ஆடுதுடி, எது நீயின்னு மட்டுப்படல என்றாள். ஆட்டிக்கொண்டே இருந்தேன், கை விட்டுப்போகிற வரை ஆட்டினேன். அதற்குள் கப்பல் திரும்ப ஆரம்பித்தது. ஏண்டி திரும்புது, இங்க வரலியா என்றாள். காற்று என்றேன், நிபந்தனை என்றேன், எனக்கே விளங்காததை அவளுக்கு எப்படி விளக்குவது. பிறகு, கரைக்கு வராத கப்பலுக்கு எதுக்குடி டிக்கெட்டு எடுத்தீங்க என்று கேட்டாள். அவள் குறையாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால் தப்பு எங்கள் இரண்டு பேருடையதும்தான். எங்களுக்குத் தெரிந்த கப்பல் ஒன்றே ஒன்று, அது தலைமன்னாரில் ஆளை ஏற்றினால் ராமேஸ்வரத்தில் இறக்கிவிடும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டோம். இந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர ஊரே கிடையாது. அது தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுகிற கப்பல், கரை அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி, இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். உன் அப்பா மாதிரி கால் நனைக்க மட்டும் வருகிறவர்களுக்கு அது சொர்க்கம்தான், ரேணுகாவின் அப்பா அம்மா அப்படிப்பட்டவர்கள் என்றால் தாராளமாகப் போகட்டும். அக்கரையில் யாரையாவது பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அதில் ஏறவே கூடாது, இதை அப்படியே அவளிடம் சொல்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டு அடுத்த பயணத்துக்குச் சலுகை கொடுத்தானாம், நீயும் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டு, மாசியில் கடல் அமைதியா இருக்கும், நானும் லீவில் வருவேன், எல்லாரும் சேர்ந்து போய்ப் பெரியம்மாவைப் பார்க்கலாம், அது வரை பொறுங்கம்மா என்கிறாய். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதே மகா. நீ நல்ல மனதோடுதான் சொல்கிறாய், அது தெரியாதவள் இல்லை நான். ஆனால் அன்று கடற்கரைக் காற்றில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு, மறுபடி பஸ்ஸில் ஊர் திரும்பிய அக்கா காய்ச்சலில் படுத்தாள். எனக்கு ஒன்னுமில்லடி என்றுதான் அவள் சொல்வாள், அவள் மருமகள்தான் தனியாகக் கூப்பிட்டு, அத்தை எந்திரிச்சு நடக்குறதில்ல, சோறு இறங்கல, தங்கச்சி வந்தாளான்னு தூக்கத்துல கேக்குறாங்க என்றாள். மாசி வரை கடல் பொறுக்கும், அவள் பொறுப்பாளா.

அதனால் நான் யாரையும் கேட்கவில்லை. வினோத் கூடலூர் கடையில் உட்கார்ந்து போனிலேயே விசாவும் போட்டு, மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டும் போட்டுவிட்டான். ஒரு மணி நேரம்தானாம், இங்கிருந்து கூடலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம். ஐம்பது வருஷமாக இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று அதற்கும் கோபம் வந்தது. உன் அப்பா ஒத்தையில போகத் தெரியுமா உனக்கு என்றார், வரத் தெரிந்தது, போகத் தெரியாதா என்றேன், அவர் உடனே தைலத்தை இந்த முறை பெரிய பெட்டிக்குள் வைக்கலாமா என்று வினோத்தை விசாரிக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஏறுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் அக்காவின் காம்பராவில் இருப்பேன். தம்பியைத் திட்டாதே, அவன் நான் சொன்னதைச் செய்தான்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் மாரியாத்தா துணை நிற்பாள். என்னைத் தேடி இந்த வீட்டு நம்பருக்குப் போன் செய்யாதே, பெரியம்மாவின் நம்பருக்குச் செய். அவளுக்குக் காது மந்தம், பெரியம்மா என்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மாவும் கனகமணியின் தங்கச்சியுமான
இசக்கியம்மா