ஏரியலின் தலையில் கட்டிய ஒரு முழம்

அன்பு மகள் மாரேவாவுக்கு ஒனோட்டோவா தீவிலிருந்து அம்மா எழுதுவது. மௌரி, நம் ஊர் வணக்கம். பிரிஸ்பேனில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் தம்பி தெபானோ சூரை மீன் பிடிக்கப் போய் இன்றோடு ஒன்பது நாள், கூட மூன்று பேர், மூன்று நாளைக்குத்தான் எண்ணெய். முதல் நாள் சாயங்காலம் ரேடியோவில் அவன் குரல் கொசுவாகக் கேட்டது, மறுநாளிலிருந்து வெறும் இரைச்சல். ரேடியோக்கார நபுவாக்காவை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் உன் அப்பாவின் படகு கடைசியாகக் கூப்பிட்டபோது ரேடியோவை மூடிவிட்டுக் கல்யாண ஆட்டத்துக்குப் போனவன். ஊர்க் கூடமான மனேபாவில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அன்னைக்கும் ஆட்டம் இன்னைக்கும் ஆட்டமாடா என்று கத்தினேன். அவன் எழுந்து, ஏ கிழவி, எட்டு நாளா அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலயேதான் கிடக்கேன், உன் மக செஞ்ச குட்டைக் கம்பியப் போய்க் கேளு என்றான். சிலர் சிரித்தார்கள். யார் யார் என்று தெரியும்.

அப்போதுதான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சொன்னது நினைவு வந்தது. தம்பி படகில் ரேடியோவின் நீளக் கம்பி தூண்டில் கயிற்றில் சிக்கி அறுகிறது என்று ஆள் உயரத்துக்குச் சுருக்கி, நீளத்தையெல்லாம் அடியில் சுருளுக்குள் அடக்கி அந்த ஏரியலைச் செய்தாய். இது நண்டு ஓடு மாதிரி அம்மா, அளவு கொஞ்சம் கூடினாலும் பொருந்தாது என்றாய். மாரேவா, கூட்டியது நான்தான். புதுக் கம்பம் ஏறிய படகு கிளம்பும்போது உச்சியில் குருத்தோலை கட்டாமல் விடுவோமா? நார் உப்பில் இற்றுவிடும் என்று, நீ கழற்றிப் போட்ட பழைய செம்புக் கம்பியில் ஒரு முழம் வெட்டி, ஓலையை உன் ஏரியலின் தலையில் இறுக்கிக் கட்டி, கம்பியின் இரண்டு முனையையும் காது போல நீட்டிவிட்டேன். தெபானோவின் பெண்சாதி, நீங்க கட்டின ஓலை இருக்கு அத்தே, வந்துடுவாரு என்கிறாள்.

நபுவாக்காவின் வீட்டு வாசலை மிதித்துச் சொல்லிவிட்டேன். அவன் என்னைக் குத்திக் காட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கம்பி கூடினா ஏரியல் கீழ் அலைவரிசை எண்ணுக்கு இறங்கிடும், தெபானோ கெட்டிக்காரன், ஒவ்வொரு எண்ணா திருப்பிப் பார்த்துக் கூப்பிடுவான், சூரியத் தகடு இருக்கிறவரைக்கும் பெட்டி சாகாது, எந்த எண்ணுன்னு தெரிஞ்சா அங்கயே காத வெச்சுக்கிட்டுக் கிடப்பேன் என்றான். தலைநகர் தராவாவுக்குச் செய்தியும் அனுப்பினான். யாருடைய முழம் என்று அங்கிருந்து கேட்கிறார்கள். அதனால்தான் இன்றைய விமானத்தில் இந்தக் கடிதம். கணக்குப் போட்டு எண்ணைத் தராவாவுக்குத் தொலைபேசியில் சொல், அவர்கள் இங்கே சொல்வார்கள். அதுவரை சாப்பிடாமல் கிடக்காதே. உன் ஏரியலைக் குறை சொல்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

கம்பியின் நீளத்துக்கே ஒரு நார்க் கயிறு வெட்டி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அளக்கும் முன் அழுதுவிடாதே, நனைந்தால் நார் சுருங்கும்.

உன் அம்மா,
கடிமீரா